முகத்துவாரத்தில் அள்ளிய மணல் ஏன் திரும்பி வருகிறது? ஊராட்சியால் என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: "இராதாபுரம் வட்டாரத்தில் கடற்கரை ஊராட்சி எங்களுடையது. ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் எங்கள் நாட்டுப்படகுகள் உள்ளே வந்து நிற்கும். வருடா வருடம் வாய் அடைத்துக்கொள்கிறது. ஹிட்டாச்சி விட்டு அள்ளினோம், இரண்டே மாதத்தில் பழையபடி மூடிவிட்டது. ஊராட்சியே நிரந்தரமாகத் தூர்வார வழி உண்டா? அல்லது தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்) கேட்பது நல்லதா?"

முதலில் நேரடியான பதில். நிரந்தரமாகத் தூர்வாருவது என்று ஒன்று நம் கடற்கரையில் கிடையாது. தூர்வாரல் வீட்டுக் கூரை மாற்றுவது போன்ற வேலை அல்ல, வாசல் பெருக்குவது போன்ற வேலை. ஊராட்சி தனியாக அதைச் செய்யச் சட்டத்திலும் இடமில்லை, பணத்திலும் இடமில்லை. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு அள்ளுவது, அள்ளியதை எங்கே போடுவது என்ற நான்கையும் ஊராட்சியும் ஊர் கமிட்டியும் முன்கூட்டியே முடிவுசெய்து கையில் வைத்திருந்தால், துறைகள் செய்யும் வேலை உருப்படியாக அமையும். இந்த நான்கில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் மணல் இரண்டு மாதத்தில் திரும்பி வந்ததற்கு அநேகமாக அதுவே காரணம்.

மணல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஆறு கொண்டுவந்து கொட்டுவதால் வாய் அடைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆற்று மணல் சேர்வது உண்மைதான். கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகம், இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி அவ்வளவு வண்டலைத் தள்ளியிருக்கிறது. ஆனால் அது நூற்றாண்டுகளின் கணக்கு. இன்று பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் ஸ்ரீவைகுண்டம் வரையிலான அணைக்கட்டுகளும் மணலைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆற்றுக்குள்ளேயே அள்ளப்பட்ட மணலும் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மாதத்தில் உங்கள் வாயை மூடியது ஆற்று மணல் அல்ல, கரையோரமாக நடந்துபோகும் கடல் மணல்.

அலை கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக வருகிறது. ஒவ்வொரு அலையும் மணலைச் சாய்வாக மேலே ஏற்றி, நேராகக் கீழே இழுக்கிறது. இப்படி ஒவ்வொரு மோதலிலும் மணல் கரையோரம் ஓரடி நகர்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலை கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூட்டப்பனை, கூடுதாழை என்ற வரிசையில் மணலைக் கிழக்கே, வடகிழக்கே தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறும். மணலில் ஒரு பங்கு மேற்கே திரும்பி நடக்கும். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடகிழக்குப் பக்கம் போவதே அதிகம். இதை மணலின் போக்குவரத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆற்று வாய் அந்தச் சாலையின் குறுக்கே வெட்டிய பள்ளம். சாலையில் போகிற எதுவும் பள்ளத்தில் விழத்தான் செய்யும்.

பள்ளத்தைத் திறந்து வைத்திருப்பது தண்ணீரின் வேகம். குஜராத் போன்ற இடங்களில் ஏற்றவற்றம் அந்த வேலையைச் செய்கிறது. நம் பக்கம் பௌர்ணமி, அமாவாசையில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. இதற்குப் பொறியாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஏற்றத்தில் வாய் வழியாக உள்ளே போகும் தண்ணீரின் கன அளவை, அந்த வாயைக் கடந்து வருடம் முழுவதும் இரு திசையிலும் நடக்கும் மணலின் கன அளவால் வகுக்க வேண்டும். விடை 150-க்கு மேல் வந்தால் வாய் தானாகத் திறந்திருக்கும். 50-க்குக் கீழே வந்தால் தொல்லை. 20-க்கும் கீழே போனால் வெள்ளக் காலத்தில் மட்டும் திறக்கும், மற்ற நாளில் மூடும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். உங்கள் கழி (வாய்க்கு உள்ளே தேங்கும் நீர்ப்பரப்பு) 20 ஹெக்டேர், அதில் தண்ணீர் 0.6 மீட்டர் ஏறுகிறது என்று வைத்தால் 1,20,000 கன மீட்டர். கரையோர மணல் வருடத்துக்கு ஒரு லட்சம் கன மீட்டர் என்று வைத்தால் விடை 1.2. இருபதே வேண்டும் என்ற இடத்தில் ஒன்றேகால்கூட இல்லை. மணல் அளவைப் பாதியாகக் குறைத்துப் போட்டாலும் முடிவு மாறாது. ஆகவே உங்கள் ஆற்று வாய் மூடுவது யாருடைய தவறும் அல்ல, அதன் இயல்பே அதுதான்.

இந்த இடத்தில் ஊர் கூடிப் பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. எல்லா வாயையும் வருடம் முழுவதும் திறந்து வைக்க வேண்டியதில்லை. மணல் திட்டு என்பது ஒரு கதவு. அது மூடியிருக்கும் மாதங்களில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுக்கிறது. ஆத்தங்கரை பள்ளிவாசல் பக்கம் நம்பியாறு கடலில் சேரும் இடத்தைப் போன்ற சிறிய வாய்களில், ஆழமாக வெட்டி நிரந்தரமாகத் திறந்துவிட்டால் கோடையில் ஆற்றில் நன்னீர் ஓட்டம் இருக்காது. கடல் உள்ளே வரும், பக்கத்துத் தோட்டக் கிணறும் குடிநீர்க் கிணறும் உவர்க்கும். படகுக்காரர்கள் மட்டும் கூடி எடுக்கிற முடிவாக இது இருக்கக் கூடாது. உள்பக்கத்து விவசாயிகளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். படகு ஒதுங்கத்தான் வேண்டும் என்றால், ஆண்டில் எத்தனை மாதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் கரையில் ஏற்றிவைக்கும் வசதியைக் கேட்பது எவ்வளவோ மலிவு. புன்னைக்காயல் நிலைமை வேறு. தாமிரபரணியின் வாய் அது, படகுகள் ஆற்றுக்குள்ளேதான் நிற்கின்றன. அங்கே பராமரிப்புத் தூர்வாரலைத் தவிர்க்க முடியாது.

சரி, திறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், எவ்வளவு ஆழம்? ஒரு ஃபைபர் படகு, வெளிமோட்டாரின் புரொப்பல்லர் அடிவரை சேர்த்து, முக்கால் மீட்டர் தண்ணீர் கேட்கும். ஒரு மீட்டர் உயர அலையில் படகு பள்ளத்தில் இறங்கும்போது அரை மீட்டர் கீழே போகும். அடியில் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆக, நல்ல வற்றத்தில் 1.75 மீட்டர், 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். விசைப்படகுக்கு 3 மீட்டருக்குக் குறையக் கூடாது.

தரை தட்டுவதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. ஆழத்தின் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது 0.78 மடங்காக அலை உயரம் வந்துவிட்டால் அலை உடையும். வாய்க்கு வெளியே ஒரு மீட்டர் ஆழத்தில் மணல் திட்டு இருந்தால், 80 சென்டிமீட்டர் அலையே அதன்மேல் உடைந்து நுரைக்கும். அதே இடம் 2 மீட்டர் ஆழமாக இருந்தால் ஒன்றரை மீட்டர் அலை உடையாமல் உருண்டு கடந்துவிடும். படகு கவிழ்வது பெரும்பாலும் இந்த வெளித் திட்டின்மேல்தான், வாய்க்குள்ளே அல்ல. பக்கத்துக் குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மீனவர்கள் உயிரிழந்ததற்கும் நுழைவாயிலில் சேர்ந்த மணல் திட்டே பெரிய காரணமாகப் பேசப்பட்டது. ஆற்றுத் தண்ணீர் வேகமாக வெளியேறும் நேரத்தில் எதிரே அலை வந்தால் அலை இன்னும் செங்குத்தாகும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூரில் காற்றே இல்லாமல் தூரத்து அலை வந்து அடிக்கும் கள்ளக்கடலும் இதில் சேர்ந்துகொள்ளும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் அதற்கு எச்சரிக்கை விடுகிறது. அந்த எச்சரிக்கை வந்த நாளில் வாய் வழியே படகு போகக் கூடாது என்று ஊர் கமிட்டி தீர்மானம் போட்டு வைப்பது நல்லது.

ஆகையால் ஹிட்டாச்சி கரையில் நின்றபடி வாய்க்குள்ளே மட்டும் அள்ளினால் கண்ணுக்கு வேலை நடந்த மாதிரி தெரியும், வெளித் திட்டு அப்படியே கிடக்கும். நீண்ட கை எக்ஸ்கவேட்டர்கூடக் கரையிலிருந்து 15 முதல் 18 மீட்டர் வரைதான் எட்டும். திட்டு கரையிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தால் மிதவையில் ஏற்றிய இயந்திரமோ, வெட்டி உறிஞ்சிக் குழாயில் தள்ளும் டிரெட்ஜரோ தேவை. எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன்னால் திட்டு எங்கே என்று அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவெடுப்பதை ஊராட்சியே செய்யலாம், அதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். இரண்டு விதமான அளவுகள் தேவைப்படும்.

முதலாவது கரையின் சரிவு. ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு கம்புகள், அவற்றில் சென்டிமீட்டர் கோடுகள், இரண்டையும் இணைக்க 2 மீட்டர் கயிறு. வேறொன்றும் வேண்டாம். அமாவாசையை ஒட்டிய வற்ற நேரத்தில், கரையின் உள்பக்கம் ஒரு நிலையான குறியிலிருந்து (தேவாலயச் சுவர், மின்கம்பத்தின் கான்கிரீட் அடி போன்றது) ஒருவர் ஒரு கம்பை நட்டுப் பிடிக்கிறார். மற்றவர் கயிறு விறைக்கும் தூரத்தில் கடல்பக்கம் அடுத்த கம்பைப் பிடிக்கிறார். உள்பக்கம் நிற்பவர், கடல்பக்கக் கம்பின் உச்சியும் தூரத்துத் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்படி குனிந்து, அந்தக் கோடு தன் கம்பில் உச்சியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே வெட்டுகிறது என்று வாசிக்கிறார். அந்த இரண்டு மீட்டருக்குள் தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது அதுவே. பிறகு உள்பக்கக் கம்பு கடல்பக்கக் கம்பு நின்ற இடத்துக்கு வர, மற்றது அடுத்த இரண்டு மீட்டருக்கு நகரும். முழங்கால் தண்ணீர் வரை போய்விட்டால் ஒரு கோடு முடிந்தது. இப்படி வாயின் இரு பக்கமும் 100 மீட்டருக்கு ஒன்றாக ஐந்தைந்து கோடுகள். ஜனவரி கடைசி, மே கடைசி, செப்டம்பர் கடைசி, வெள்ளம் வடிந்த வாரம் என்று ஆண்டுக்கு நான்கு முறை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு காலையில் நான்கு கோடுகள் முடித்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக் கணக்கு கையில் இருந்தால், மணல் எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது.

இரண்டாவது தண்ணீரின் ஆழம். ஈயக்குண்டு கட்டிய கயிறே போதும். ஆனால் அளந்த நேரத்தை எழுதாத ஆழம் எதற்கும் உதவாது. பாலத்தூணிலோ படித்துறையிலோ ஓர் அளவுகோலைப் பதித்து, அளக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, எல்லா ஆழத்தையும் ஒரே வற்ற மட்டத்துக்குக் கழித்துக் கொண்டுவர வேண்டும். இடத்தைக் கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும். ஐந்தாறு மீட்டர் பிழை இருக்கும், திட்டின் இடம் தெரிய அது போதும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் அது போதாது, அதற்கு ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் சர்வே வேண்டும்.

கரையில் நடக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கரை மணலில் கார்னெட், இல்மனைட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கின்றன. அவை கனமானவை. அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும்போது இவை பின்தங்கி, சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு வாரத்துக்குமேல் அந்தப் பட்டை மறையாமல், கரை செங்குத்தாக ஓரடி இரண்டடி வெட்டுண்டும் நின்றால், அந்தப் பக்கம் மணல் பட்டினி கிடக்கிறது. உங்கள் தூர்வாரல் மணலுக்கு இடம் அங்கேதான்.

முதலில் சொன்ன கடைசிக் கேள்விக்கு இப்போது வந்துவிட்டோம்: அள்ளியதை எங்கே போடுவது? ஹிட்டாச்சி தன் கை எட்டிய இடத்தில், அதாவது வாயின் ஓரத்திலேயே குவிக்கும். அது மேற்குக் கரையாக இருந்தால் அடுத்த கச்சான் காலத்தில் குவியல் அப்படியே திரும்ப உள்ளே வந்துவிடும். கிழக்குக் கரையில் வாயை ஒட்டிப் போட்டாலும் வாடைக் காலத்தில் பாதி திரும்பும். வாயிலிருந்து வடகிழக்கே, வெளித் திட்டின் வால் கரையில் வந்து சேரும் இடத்தையும் தாண்டி, சில நூறு மீட்டர் அப்பால் போட வேண்டும். உயரமான குவியலாக மேட்டில் வைக்கக் கூடாது. அலை தொடும் பகுதியில் அரை மீட்டர், முக்கால் மீட்டர் கனத்தில் பரப்பிவிட வேண்டும். அலை அதை எடுத்து வழக்கமான பயணத்தில் சேர்த்துவிடும். சாலையில் பள்ளம் வெட்டியவர்களே, பள்ளத்தில் விழுந்ததை மறுகரையில் ஏற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த ஊரின் கரை அரிக்கும், அவர்கள் கல் கேட்பார்கள், பிறகு அதற்கடுத்த ஊர் கேட்கும். அடுத்த ஊர்க்காரர்களை வேலைக்கு முன்பே அழைத்து, மணல் உங்கள் கரைக்குத்தான் வருகிறது என்று சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஒரு லோடு மணல்கூடக் கரையைவிட்டு வெளியே போகக் கூடாது. இது வெறும் நல்லெண்ணம் அல்ல. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் அள்ளி விற்பது தடைசெய்யப்பட்டது. நம் மணலில் உள்ள மோனசைட் அணுக் கனிமம். தாது மணல் அள்ளுவதைத் தமிழக அரசு 2013-ல் நிறுத்தியபின், இந்தக் கரையில் ஒரு டிப்பர் வெளியே போனாலே அது கனிமக் கடத்தலாகப் பார்க்கப்படும். "மணலை விற்றுத் தூர்வாரும் செலவை ஈடுகட்டலாம்" என்று யாராவது யோசனை சொன்னால், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதக்கூட வேண்டாம்.

அதிகாரம் யாருக்கு? ஆறும் அதன் வாயும் நீர்வளத்துறைக்கு. படகு நிறுத்தும் இறங்குதளம் மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறைக்கு. கனிமம் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு. கரையில் வேலை செய்ய அனுமதி தமிழ்நாடு கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் வழியாக. மாவட்ட அளவில் அதன் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். ஊராட்சிக்கு இருப்பது கிராம சபைத் தீர்மானம், பதிவேடு, தொடர்ந்து கேட்கும் குரல். அது சிறிய ஆயுதம் இல்லை. தீர்மானத்தில் "முகத்துவாரத்தைத் தூர்வாரித் தர வேண்டும்" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எத்தனை படகுகள், எந்த மாதங்கள், எவ்வளவு ஆழம், எவ்வளவு நீளம், மணலைப் போடும் இடத்தின் எல்லை, உங்கள் அளவுப் பதிவேட்டின் நகல் என்று எழுதுங்கள். அதை மீன்வளத்துறை உதவி இயக்குநரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுங்கள். அளவுகளோடு வந்த மனுவை வைத்துப் பொறியாளரால் உடனே மதிப்பீடு போட முடியும், ஒற்றை வரி மனு ஆய்வுக்கு என்று அனுப்பப்பட்டுக் கிடக்கும்.

கடற்கரை அனுமதிக்கு 1:4000 அளவில் உயர் அலைக்கோடு, தாழ் அலைக்கோடு காட்டிய வரைபடம் கேட்பார்கள். அதை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்தான் தர முடியும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. மணல் திட்டைத் தடுக்கும் வேலைகளுக்கு விதியில் இடம் இருக்கிறது, ஆனால் ஆய்வின் அடிப்படையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் முதல் வெட்டை மட்டும் எழுதிவிட்டு, ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்புத் தூர்வாரலை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து காகிதம் நகர்த்த வேண்டிவரும். ஆரம்ப விண்ணப்பத்திலேயே பல வருடப் பராமரிப்பு, ஆண்டு அளவு, மணல் போடும் இடம் மூன்றையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு. அடியில் 30 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் கூடுதல் ஆழம் என்று வைப்போம். தண்ணீருக்கடியில் மணல் செங்குத்தாக நிற்காது, ஒன்றுக்கு ஐந்து என்று சரியும். மேலே அகலம் 45 மீட்டர் ஆகிவிடும். சராசரி 37.5 மீட்டர் அகலத்தில் 11,250 கன மீட்டர். இயந்திரம் துல்லியமாக நிறுத்தாது என்பதால் 30 சென்டிமீட்டர் கூடுதல் வெட்டை அனுமதித்தால் 14,040 கன மீட்டர், நம் பேச்சுவழக்கில் கிட்டத்தட்ட 4,960 யூனிட். சரிவைச் சேர்க்காமல் 9,000 கன மீட்டர் என்று மதிப்பீடு போட்டுவிட்டு, பாதி வேலையில் பணம் தீர்ந்து நிற்பது இதனால்தான்.

டிப்பர் நடையை எண்ணியோ இயந்திர மணிக்கணக்கிலோ பணம் கொடுக்கும் ஒப்பந்தம் வேண்டாம். அள்ளிய மணல் பொங்கி, இருந்த இடத்தில் இருந்ததைவிட 10 முதல் 25 சதவீதம் வரை அதிகமாகத் தெரியும். அதோடு, அள்ளியதையே மறுபடி அள்ளினாலும் நடை கூடும். வேலைக்கு முன்னால் ஒரு சர்வே, முடிந்த ஒரு வாரத்துக்குள் இன்னொன்று, இரண்டின் வித்தியாசத்துக்குத்தான் பில். சர்வே எடுப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது, படகில் ஊர் கமிட்டி ஆள் ஒருவர் உடன் போக வேண்டும். இன்னொரு நிபந்தனை: இயந்திரம் உள்ளே போகத் தற்காலிகமாகப் போட்ட மண் பாதையைக் கடைசி நாளில் முழுதாக எடுத்த பிறகே இறுதித் தொகை. வாய்க்குள் விட்டுப்போன அந்தப் பாதையே தண்ணீரைத் தடுத்து, அதன் பின்னால் மணல் சேர்ந்து, புதிய திட்டு உருவான இடங்கள் உண்டு.

உறிஞ்சும் டிரெட்ஜர் என்றால், குழாயில் வருவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மணல் இருக்கும், மீதி தண்ணீர். கரையில் சிறு வரப்பு கட்டித் தண்ணீரை வடியவிட வேண்டும், இல்லாவிட்டால் கலங்கல் நேராகக் கடலுக்குள் பரவும். நம் கடல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதி. கலங்கல் பாரின்மேல் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டின்மேல்) படிந்தால் முதலில் அடிபடுவது மீன்பாடுதான். அரை மீட்டர், ஒரு மீட்டர் அலையிலேயே சிறிய டிரெட்ஜர் வேலையை நிறுத்திவிடும். அதைக் கொண்டுவந்து இறக்கித் திரும்ப எடுத்துப்போகும் செலவே பெருந்தொகை. ஒரே ஊருக்காக அழைக்காமல், பக்கத்து நான்கைந்து ஊர்கள் சேர்ந்து ஒரே டெண்டராகக் கேட்டால் கன மீட்டருக்கான விலை குறையும். இதை மாவட்ட நிர்வாகத்தால்தான் ஒருங்கிணைக்க முடியும்.

எந்த மாதம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை அதிகம், வெட்டிய அன்றே மூடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் அமைதி, இயந்திர வேலைக்கு நல்ல காலம். ஆனால் ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் அதுவே. மணல் பரப்பும் கரையை வனத்துறை முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும், இரவு வேலை கூடாது. மிக மலிவான வழி மூன்றாவது: அக்டோபர் முதல் வாரத்தில் சிறிய வழிகாட்டி வாய்க்கால் மட்டும் வெட்டி வைத்து, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தையே தூர்வாரவைப்பது. வெள்ளம் ஒரு நாளில் தள்ளும் மணலை ஹிட்டாச்சி ஒரு மாதத்திலும் அள்ளாது.

அந்த வெட்டைச் செய்யும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறினால் உயிர் போகும். மணல் திட்டு எங்கே ஒடுங்கியிருக்கிறதோ, வீடுகளுக்கும் படகு நிறுத்தத்துக்கும் எங்கே தள்ளியிருக்கிறதோ அங்கே இடம் தேர்ந்தெடுங்கள். மூன்று முதல் ஐந்து மீட்டர் அகலம், ஆற்று நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே. கடல்பக்கத்திலிருந்து தோண்டிக்கொண்டு ஆற்றை நோக்கி வர வேண்டும். ஆற்றுப் பக்கம் இரண்டு மூன்று மீட்டர் மணலை அடைப்பாக விட்டுவைக்க வேண்டும். நிறை ஏற்றம் கடந்து வற்றம் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த அடைப்பை உடைத்துவிடுங்கள். அடுத்த நான்கு மணி நேரம் கடல்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வேகம் பிடிக்கும். ஏற்ற நேரத்தில் உடைத்தால் கடல் உள்ளே வந்து வாய்க்காலை நிரப்பிவிடும். உடைத்த பிறகு ஐந்து மீட்டர் வாய்க்கால் சில மணி நேரத்தில் ஐம்பது மீட்டராகலாம். இரு கரையும் காலடியில் இடிந்து விழும். உடைக்கும் இயந்திரம் எந்தப் பக்கம் வெளியேறும் என்பதை முன்பே முடிவுசெய்து, ஆட்களை நூறு மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். கோயில் மணியடித்தோ மைக்கிலோ அறிவித்தபிறகே அடைப்பைத் தொட வேண்டும்.

எப்போது உடைப்பது என்பதற்குப் பாலத்தூண் அளவுகோலில் சிவப்புக் கோடு ஒன்று போட்டு வையுங்கள்: மிகத் தாழ்ந்த வீட்டு வாசலுக்கு 30 சென்டிமீட்டர் கீழே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் ஆட்சியரிடம் அனுமதி கேட்க நேரம் இருக்காது. கோட்டைத் தொட்டால் யார் உத்தரவிடுவது, யார் இயந்திரம் தருவது, டீசலுக்கு எந்தக் கணக்கு என்பதை நீர்வளத்துறையோடும் வட்டாட்சியரோடும் செப்டம்பரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். 2009-ல் தொடங்கிய தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு வெள்ளக் கால்வாயில் உபரி நீர் வரும் வருடங்களில் இந்தத் தேவை இன்னும் கூடும்.

கடைசியாக, தூண்டில் வளைவு. அது மணலை ஒழிக்காது, நிறுத்திவைக்கும். மேற்குப் பக்கம் மணல் சேரும், சேர்ந்து நிறைந்ததும் முனையைச் சுற்றி மறுபடி வாய்க்குள் வரும். வடகிழக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா வளர்ந்ததும் வடக்கே ராயபுரம் அரிபட்டதும் இந்த ஒரே கணக்கில்தான். குட்டையான சுவர் சீக்கிரம் நிறையும், மணலுக்கு அது வெறும் படிக்கட்டு. வெளித் திட்டு உருவாகும் ஆழத்துக்கும் அப்பால் போகும் சுவரே பயன் தரும், அதற்குச் செலவு பலமடங்கு. ஒற்றைச் சுவர் ஆற்று வாய்க்கு உதவுவது அரிது, இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அகலம் மிகுந்தால் தண்ணீரின் வேகம் குறைந்து உள்ளே மணல் படியும், ஒடுங்கினால் படகு நுழைவது கடினம். கற்களுக்கிடையே மணல் புகுந்து வராதபடி உள்ளடுக்கில் சிறு கல் நிரப்பாமல் பெரிய கல்லை மட்டும் அடுக்கினால் சுவர் சல்லடையாகிவிடும்.

படகுகள் அதிகமாகவும், வருடம் முழுவதும் வாய் தேவையாகவும் இருந்தால் மட்டும் கேளுங்கள். கேட்டால் மூன்று நிபந்தனைகளைத் தீர்மானத்திலேயே சேருங்கள். ஐஐடி சென்னை போன்ற நிறுவனத்தின் மாதிரி (மாடல்) ஆய்வு அடுத்த இரண்டு ஊர்களின் கரையையும் உள்ளடக்க வேண்டும். மேற்குப் பக்கம் சேரும் மணலை ஆண்டுதோறும் வடகிழக்குக் கரைக்கு மாற்றும் செலவு, கட்டுமானச் செலவோடு சேர்த்து ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் பத்துக் கோடுகளின் இரண்டு வருடப் பதிவேடு அந்த ஆய்வுக்குக் கொடுக்கப்பட வேண்டும். பதிவேடு இன்னும் தொடங்கவில்லை என்றால், வருகிற அமாவாசை வற்றத்தில் முதல் கோட்டை அளந்துவிடுங்கள்.